லினக்ஸ் கெர்னலின் மெமரி பகுதியில் ரேஸ் கண்டிஷனைப் பிடிப்பது: முழுமையான வழிகாட்டி

நாலு நாளைக்கு ஒருமுறை விழுகிற இயந்திரம். விழும் ஒவ்வொரு முறையும் கன்சோலில் வேறொரு ஃபங்ஷன் பெயர். ‘இது ரேஸ்தான்’, அதாவது இரண்டு வேலைகள் ஒரே மெமரியில் நேரம் தப்பி மோதுகின்றன, என்று அறையில் இருக்கும் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். எந்த வரிக்கும் எந்த வரிக்கும் இடையில் என்று கேட்டால்தான் பதில் வராது. அந்தப் பதிலை எப்படித் தேடிப் போவது என்பதை வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். சி மொழியும் பேஜ் டேபிள், பேஜ் ஃபால்ட் பற்றிய அடிப்படையும் தெரிந்திருந்தால் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் உட்கார்ந்து பார்த்த மெமரி ரேஸ்களில் லாக் போட மறந்ததால் வந்தவை குறைவு. லாக்கைப் பிடித்து ஒரு நிலையைப் பார்ப்பார்கள், லாக்கை விடுவார்கள், திரும்பப் பிடிப்பார்கள், பழைய நிலையே இருப்பதாக நம்பி வேலையை முடிப்பார்கள். பார்த்ததற்கும் செய்ததற்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியைத்தான் நாம் தேடப் போகிறோம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

க்யூஎமுவில் கேவிஎம் உடன் ஓடும் ஒரு விர்ச்சுவல் மெஷின், குறைந்தது 4 சிபியு. சொந்த லேப்டாப்பின் கெர்னலில் இதைச் செய்யாதீர்கள். ஒரு நாளில் ஐம்பது முறை விழ வைக்க வேண்டியிருக்கும். மெமரி கெட்டுப்போனால் டிஸ்க்கில் எழுதும் தரவும் சேர்ந்தே கெடும்.

சீரியல் கன்சோலைக் கோப்பில் சேமிக்க ஏற்பாடு செய்யுங்கள். இயந்திரம் உறையும்போது கடைசி நூறு வரி திரையோடு போய்விடும். நமக்கு வேண்டியது அந்த நூறு வரிதான்.

கட்டிய கெர்னலோடு அதே பில்டின் விஎம்லினக்ஸ் (டீபக் விவரங்களோடு கூடிய கெர்னல்) கோப்பையும் கான்ஃபிக் கோப்பையும் பத்திரமாக வையுங்கள். கெர்னல் மூலத்தின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் உள்ள டிகோட்_ஸ்டாக்ட்ரேஸ், ஃபேடர்2லைன் இரண்டும் இந்தக் கோப்பை வைத்துத்தான் முகவரியை வரி எண்ணாக மாற்றும். ஒரு வரி மாற்றி மறுபடி கட்டிய விஎம்லினக்ஸைக் கொடுத்தால் பிசகான வரியைக் காட்டும். அது பிசகு என்று உங்களுக்குத் தெரியவும் தெரியாது. புதிதாக வருபவர்கள் ஒரு நாள் முழுக்கத் தொலைப்பது பெரும்பாலும் இங்கேதான். ஒவ்வொரு பில்டுக்கும் தனி அடைவு வைத்துக்கொள்ளுங்கள்.

கெர்னலை மூன்று விதமாகக் கட்டி வையுங்கள். முதலாவது, சோதனைக் கருவி எதுவும் இல்லாத சாதாரண பில்ட். இரண்டாவது, கேசான் (விடுவித்த மெமரியைத் தொடுவதைப் பிடிப்பது), லாக்டெப் (லாக் எடுக்கும் வரிசை தப்புவதைப் பிடிப்பது), டீபக்_விஎம் (மெமரி பகுதியின் உள்சரிபார்ப்புகள்), பேஜ்_ஓனர் (பேஜை யார் வாங்கினார்கள் என்று குறிப்பது) எல்லாம் சேர்ந்தது. மூன்றாவது, கேசிசான் (ஒரே இடத்தை இருவர் ஒரே நேரத்தில் தொடுவதைப் பிடிப்பது) உள்ளது. கேசானையும் கேசிசானையும் ஒரே பில்டில் சேர்க்க கான்ஃபிக் அமைப்பே விடாது, அதனால்தான் தனித்தனி. கேசான் 4.0 முதலே இருக்கிறது (2015). கேசிசான் 5.8-இல் வந்தது (2020). அதற்கு ஜிசிசி 11 அல்லது க்ளாங் 11-க்குக் குறையாத கம்பைலர் வேண்டும்.

பூட் வரியில் ‘பானிக்_ஆன்_வார்ன்’ சேர்த்துவிடுங்கள். முதல் எச்சரிக்கையிலேயே இயந்திரம் நின்றுவிடும். காரணம் அடுத்த பகுதியில்.

2. முதல் செய்தியை மட்டும் படியுங்கள்

மெமரி ஒருமுறை கெட்டபின் வருகிற கிராஷ் எல்லாம் அதன் விளைவுதான். பத்து ஊப்ஸ் (கெர்னலின் கிராஷ் அறிக்கை) செய்திகள் வரிசையாக இருந்தால் கடைசிச் செய்தியிலிருந்து தொடங்குவது பலருக்கும் பழக்கம், ஏனென்றால் திரையில் நிற்பது அதுதான். மேலே போய் முதல் செய்தியைத் தேடுங்கள். லாக்டெப் முதல் புகாரோடு தன்னை அணைத்துக்கொள்ளும். கேசானும் இயல்பாக முதல் புகாரை மட்டுமே சொல்லும். இரண்டாவது கிராஷில் அவை அமைதியாக இருந்தால் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை.

மெமரி பகுதியில் அடிக்கடி வரும் செய்திகள் மூன்று.

‘பேட் பேஜ் ஸ்டேட்’: ஒரு பேஜை விடுவிக்கும்போதோ புதிதாகக் கொடுக்கும்போதோ அதன் கணக்கு ஒத்துவரவில்லை. மேப்கவுண்ட் (பேஜ் எத்தனை இடத்தில் மேப் ஆகியிருக்கிறது என்ற எண்) பூஜ்யமாக இல்லை என்பது போன்ற காரணத்தைச் செய்தியிலேயே சொல்லும். அங்கே தெரியும் ப்ராசஸ் குற்றவாளி என்று நினைக்காதீர்கள். யாரோ கெடுத்துப் போட்ட பேஜ் இவர் கைக்கு வந்து சேர்ந்திருக்கலாம். பூட் வரியில் ‘பேஜ்_ஓனர்=ஆன்’ இருந்தால், அந்தப் பேஜை யார் வாங்கினார்கள், கடைசியாக யார் விட்டார்கள் என்ற இரண்டு ஸ்டாக்கும் (ஃபங்ஷன் அழைப்பு வரிசையும்) கூடவே வரும்.

‘பேட் ஆர்எஸ்எஸ்-கவுண்டர் ஸ்டேட்’: ப்ராசஸ் முடிந்து அதன் எம்எம் அமைப்பை (மெமரி விவரங்களை) கலைக்கும்போது வருவது. எத்தனை பேஜ் மேப் ஆனது, எத்தனை கழன்றது என்ற கணக்கு இடிக்கிறது. தவறு அந்த ப்ராசஸின் ஆயுளில் எந்த நொடியிலும் நடந்திருக்கலாம். ஸ்டாக்கைப் படித்துப் பயனில்லை. கவுண்டர் எந்த வகை, எத்தனை வித்தியாசம் என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 512 என்றால் 2 எம்பி ஹ்யூஜ் பேஜ் பக்கம் திரும்பிப் பாருங்கள், 4 கேபி பேஜ் 512 சேர்ந்ததுதான் அது.

‘பேட் பேஜ் மேப்’: பேஜ் டேபிளில் இருக்கக் கூடாத ஒரு பதிவு இருக்கிறது.

பதிவில் தெரியும் முகவரிகளையும் உற்றுப் பாருங்கள். ஸ்லப் (சிறு ஆப்ஜெக்ட்களைக் கொடுக்கும் பகுதி) டீபக்கில் பாய்சன் போட்டிருந்தால், விடுவித்த ஆப்ஜெக்டை 6பி என்ற பைட்டால் நிரப்பிவைக்கும். ரெஜிஸ்டரில் 6பி6பி6பி என்று நீண்டால், விடுவித்தபின் யாரோ அதைத் தொட்டிருக்கிறார்கள். முழுப் பேஜுக்குப் பாய்சன் ஏஏ.

3. விருப்பப்பட்ட நேரத்தில் விழ வையுங்கள்

இந்தப் படியைத் தாண்டி ஓடுகிறவர்கள்தான் அதிகம். சோர்ஸ் கோடைப் படித்து ஊகித்து ஒரு பேட்ச் எழுதிவிடுவார்கள். இரண்டு நாள் கிராஷ் வராது. சரியாகிவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கும்போது ஐந்தாம் நாள் வரும். நாலு நாளைக்கு ஒருமுறை வரும் பிழையை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரவழைப்பதுதான் முதல் இலக்கு.

எந்த இரண்டு வேலைகள் மோதுகின்றன என்று பட்டியல் போடுங்கள். புதியவர்கள் தங்கள் ப்ரோகிராமின் இரண்டு த்ரெட்களை மட்டும் பார்ப்பார்கள். மெமரி பகுதியில் மறுபக்கம் நிற்பது பல நேரம் கெர்னலின் சொந்தப் பின்னணி வேலை: பேஜ்களைப் பறிக்கும் கேஸ்வாப்டி, சிறு பேஜ்களை ஹ்யூஜ் பேஜாகச் சேர்க்கும் கேஹ்யூஜ்பேஜ்டி, பேஜ்களை இடம் மாற்றும் கேகம்பாக்ட்டி, பேஜ்களை அவற்றைப் பயன்படுத்தும் சிபியுவின் அருகே நகர்த்தும் நூமா பேலன்சிங். அவற்றுக்கு வேலை கொடுத்தால்தான் மோதல் வரும்.

விஎம்மின் ராமை 512 எம்பியாகக் குறையுங்கள், ரிக்ளைம் (பேஜ்களைப் பறிப்பது) ஓயாமல் ஓடும். ஜீராமில் (ராமிலேயே தரவைச் சுருக்கி வைக்கும் டிஸ்க்) ஸ்வாப் வையுங்கள், ஸ்வாப் உள்ளே வெளியே போவது வேகமாக நடக்கும். கேஹ்யூஜ்பேஜ்டி ஒரு சுற்றுக்குப்பின் இயல்பாக 10 நொடி தூங்கும். அதன் ‘ஸ்கேன்_ஸ்லீப்_மில்லிசெக்ஸ்’ அமைப்பில் 10000 என்றிருப்பதை 0 ஆக்குங்கள். ‘காம்பாக்ட்_மெமரி’ கோப்பில் ஒரு லூப்பில் 1 எழுதிக்கொண்டே இருங்கள். இதற்கு மேல் ஸ்ட்ரெஸ்-என்ஜியும் கெர்னல் மரத்திலேயே உள்ள எம்எம் செல்ஃப்டெஸ்ட்களும் சுமை ஏற்றப் போதும்.

எனக்கு அதிகம் கைகொடுத்த தந்திரம் இன்னொன்று: 8 விர்ச்சுவல் சிபியு கொடுத்து, அவ்வளவையும் ஹோஸ்டின் 2 கோரில் கட்டிவிடுவது. ஸ்பின்லாக் பிடித்திருக்கும் விர்ச்சுவல் சிபியுவையே ஹோஸ்ட் நடுவில் நிறுத்திவிட்டு இன்னொன்றை ஓட்டும். நிஜ இயந்திரத்தில் நானோ நொடி நீளமுள்ள இடைவெளி இங்கே மில்லி நொடியாக நீளும்.

இதற்கு நேரெதிரான சோதனையும் செய்யுங்கள். ஹ்யூஜ் பேஜை முழுக்க அணைத்தால் பிழை போகிறதா? ஸ்வாப்பை எடுத்தால்? போனால் அது ஒரு துப்பு, தீர்ப்பு ஆகாது. ஒரு வேலையை அணைத்தால் மற்றவற்றின் நேரமும் மாறும்.

இப்போது எண்ணுங்கள். 100 ஓட்டத்தில் எத்தனை விழுகிறது என்று குறித்து வையுங்கள். இனி வரும் எல்லாப் படிக்கும் இந்த எண்தான் அளவுகோல்.

4. கருவிகள்: லாக்டெப், கேசான், கேசிசான், இந்த வரிசையில்

லாக்டெப் முதலில், ஏனென்றால் அதற்கு ரேஸ் நடக்கவே வேண்டாம். ஒரு த்ரெட் முதல் லாக்குக்குப் பின் இரண்டாவதை எடுத்ததையும், வேறொரு நேரத்தில் இன்னொரு த்ரெட் தலைகீழாக எடுத்ததையும் தனித்தனியே பார்த்தாலே சொல்லிவிடும். மெமரி பகுதியில் லாக்குகளின் சரியான வரிசை ‘எம்எம்’ அடைவின் ஆர்மேப் கோப்பின் தலைக்குறிப்பில் எழுதியிருக்கிறது: ஐநோட் (கோப்பு) லாக், அப்புறம் எம்மேப்_லாக் (ப்ராசஸின் முகவரிப் பகுதிகளைக் காப்பது), அதன் கீழே ஃபோலியோ (பேஜ்களின் தொகுப்பு) லாக், அனான்_விஎம்ஏ லாக், கடைசியில் பேஜ் டேபிள் லாக் என்று போகும். அந்தக் குறிப்பைப் படித்து மேசையில் ஒட்டிவைத்துவிட்டு வேலை தொடங்குங்கள்.

லாக்டெப்பின் இன்னொரு பயனைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சந்தேகப்படும் ஃபங்ஷனின் முதல் வரியில் ‘எம்மேப்_அஸர்ட்_ரைட்_லாக்ட்’ போன்ற உறுதிமொழியைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். ‘இங்கே வரும்போது ரைட் லாக் இருக்கும்’ என்று நீங்கள் நம்புவது நிஜமா என்பது ஒரே ஓட்டத்தில் தெரிந்துவிடும். ஒரு வரிச் செலவில் ஒரு நாள் வாசிப்பு மிச்சம்.

அடுத்தது கேசான். விடுவித்த மெமரியைத் தொட்டால், தொட்டவர், வாங்கியவர், விட்டவர் என மூன்று ஸ்டாக் காட்டும். பொதுவகைக் கேசான் மெமரியில் எட்டில் ஒரு பங்கை நிழல் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும், அதனால் இந்த பில்டுக்கு விஎம்மின் ராமைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

‘விட்டவர்’ ஸ்டாக்கில் ஆர்சியு (படிப்பவர்கள் விலகியபின் பழைய தரவை விடுவிக்கும் முறை) கால்பேக் மட்டும் தெரிந்தால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். அது ஏற்கெனவே வரிசையில் போட்ட வேலையை முடிக்க வந்தது. வரிசையில் போட்டது யார் என்பதைக் கீழே தனி ஸ்டாக்காகத் தந்திருக்கும். 2023-இல் வெளிவந்த ஸ்டாக்ராட் பிழை இந்த வகைதான். 6.1 முதல் விஎம்ஏக்கள் (ப்ராசஸின் முகவரிப் பகுதிகளின் விவரங்கள்) மேப்பிள் ட்ரீ என்ற மர அமைப்பில் இருக்கின்றன. எம்மேப்_லாக்கை ரீட் நிலையில் மட்டும் பிடித்துக்கொண்டு ப்ராசஸின் ஸ்டாக் மெமரியை விரிக்கும்போது ட்ரீயின் ஒரு நோட் மாற்றப்பட்டுவிடும். பழைய நோடை ஆர்சியு பிற்பாடு விடுவிக்கும். அதே ரீட் லாக்கை நம்பி ட்ரீயில் நடந்துகொண்டிருந்த இன்னொருவர் கையில் அந்தப் பழைய நோட் இருக்கும்.

மூன்றாவது கேசிசான். ஒரு மெமரி அணுகலைத் தேர்ந்தெடுத்து, அங்கே சற்று நின்று, அந்த நேரத்தில் வேறு யாராவது அதே இடத்தைத் தொடுகிறார்களா என்று பார்க்கும். சாதாரண த்ரெட்டில் இயல்பாக 80 மைக்ரோ நொடி நிற்கும், இன்டரப்டில் 20. எல்லா அணுகலையும் பார்க்காது. இயல்பான அமைப்பில் சில ஆயிரம் அணுகலுக்கு ஒன்றைத்தான் எடுக்கும். ஆகவே ஒரு மணி நேரம் ஓட்டிப் புகார் இல்லை என்றால் ரேஸ் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரவு முழுக்க ஓட்டுங்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். கேசிசான் ஒரு வரியைக் காட்டியதும் அந்த வரிக்கு ‘ரீட்_ஒன்ஸ்’ போட்டுவிட்டு, புகார் நின்றது, வேலை முடிந்தது என்று பேட்ச் அனுப்பிவிடுவார்கள். ரீட்_ஒன்ஸ் கம்பைலரைத்தான் கட்டுப்படுத்தும். படித்த மதிப்பு அடுத்த வரியில் பழசாகிவிடுவதை அது தடுக்காது. புகாரைத் தந்த கருவியின் வாயை அடைத்துவிட்டு நோயை உள்ளேயே விட்டதாகிவிடும். ரேஸ் இருந்தாலும் பாதகமில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் ‘டேட்டா_ரேஸ்’ என்று குறித்து, ஏன் பாதகமில்லை என்று கமெண்ட் எழுதுங்கள். தெரியாவிட்டால் தொடாதீர்கள்.

5. மூன்று கருவியும் பேசாதபோது

கடினமான பிழைகள் இங்கேதான் தொடங்குகின்றன. இதற்கு நல்ல பாடம் டர்ட்டி கவ். 2.6.22 (2007) முதலான கெர்னல்களைப் பாதித்து, 2016 அக்டோபரில் சரிசெய்யப்பட்ட பிழை. அதில் விடுவித்த மெமரியை யாரும் தொடவில்லை, லாக் வரிசையும் தப்பவில்லை, பேஜ் டேபிளின் ஒவ்வொரு பதிவும் அதற்குரிய லாக்கோடுதான் மாறியது. கேசான், லாக்டெப், கேசிசான் மூன்றுமே அதைப் பார்த்து ஒன்றும் சொல்லியிருக்காது.

நடந்ததை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். எழுத அனுமதி இல்லாத ஒரு கோப்பு. அதைத் தனிப்பட்ட முறையில், படிக்க மட்டும் மேப் செய்திருக்கிறோம். த்ரெட் அ, ப்ராக் அடைவில் உள்ள தன் சொந்த மெம் கோப்பு வழியாக அந்த முகவரியில் எழுதுகிறது. த்ரெட் ஆ, எம்அட்வைஸ் அழைப்பில் ‘இந்தப் பகுதி வேண்டாம்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.

அ: பேஜ் இல்லை. எழுதுவதற்கான ஃபால்ட் நடக்கிறது. கெர்னல் கோப்பின் பேஜை நகலெடுத்து, தனி நகலை மேப் செய்கிறது. விஎம்ஏவுக்கு எழுதும் உரிமை இல்லாததால் பதிவு படிக்க மட்டும்.

அ: மறுபடி பார்க்கிறது. எழுத முடியாத பதிவு. மறுபடி ஃபால்ட். நகல் ஏற்கெனவே நம்முடையது என்று தெரிகிறது. ‘நகலெடுத்தாகிவிட்டது, இனி படிப்பதற்காகக் கேட்டாலே போதும்’ என்று கெர்னல் எழுதும் கொடியை, அதாவது ஃபால்_ரைட்டை, நீக்குகிறது.

ஆ: இந்த இடத்தில் நுழைகிறது. நகலைத் தூக்கி எறிகிறது. பதிவு காலி.

அ: மூன்றாவது முறை பார்க்கிறது. பேஜ் இல்லை. ஃபால்ட் நடக்கிறது, ஆனால் இம்முறை எழுதும் கொடி கிடையாது. கெர்னல் நகலெடுக்காமல் கோப்பின் பேஜ் கேஷையே மேப் செய்கிறது.

அ: கிடைத்த பேஜில் எழுதுகிறது. படிக்க மட்டும் உரிமை உள்ள கோப்பு மாறிவிட்டது.

எந்த வரியையும் தனியாக எடுத்துப் பார்த்தால் தவறில்லை. ‘நகலெடுத்தாகிவிட்டது’ என்பது அறிந்த நொடியில் உண்மை, பயன்படுத்திய நொடியில் பொய். அப்புறம் கவனிக்க வேண்டியது: அ, ஆ இருவரும் இன்று எம்மேப்_லாக் எனப்படும் லாக்கை ரீட் நிலையில்தான் பிடித்திருந்தார்கள். ரீட் லாக் இருக்கும்வரை பேஜ் டேபிள் அசையாது என்று நினைப்பது நான் அதிகம் பார்த்த தவறான நம்பிக்கை. அந்த லாக் விஎம்ஏக்களின் பட்டியலைக் காக்கும். உள்ளே இருக்கும் பேஜ் டேபிள் பதிவுகளை ரீட் லாக்கோடு இருக்கும் பத்துப் பேர் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டிருக்கலாம். 6.4 முதல் பேஜ் ஃபால்ட் எம்மேப்_லாக்கைத் தொடாமல் தனி விஎம்ஏ லாக்கோடு மட்டும் போகவும் முடியும், ஆகவே பழைய கணக்குகளை இன்னும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அந்த மாற்றம் வந்த புதிதிலேயே ஃபோர்க் நேரத்தில் விஎம்ஏக்களைப் பூட்டாததால் மல்டி-த்ரெட் ப்ரோகிராம்களின் மெமரி கெட்டது. பின் ஸ்டேபிள் வெளியீடுகளில் திருத்தினார்கள்.

சரி, இதே வாசிப்பை உங்கள் சோர்ஸ் கோடில் எப்படிச் செய்வது? சந்தேகப்படும் பாதையை அச்சடித்து, பேனா எடுங்கள். லாக் எடுக்கும் இடமெல்லாம் ஒரு கோடு, விடும் இடமெல்லாம் ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் கிடைத்த ஒவ்வொரு மதிப்பும் விடும் கோட்டைத் தாண்டிப் போகிறதா என்று அம்பு போடுங்கள். லோக்கல் மாறியில் போனாலும், டர்ட்டி கவ்வில் போல ஒரு கொடியின் வடிவில் போனாலும் கணக்கு ஒன்றுதான். தாண்டிப் போகும் ஒவ்வொரு அம்பும் ஒரு சந்தேக நபர். லாக்கைத் திரும்ப எடுத்தபின் அதை மறுபடி சரிபார்க்கிறார்களா? சரிபார்த்தால் அடித்துவிடுங்கள். மிஞ்சும் இரண்டு மூன்று அம்புகள்தான் அடுத்த படிக்கான பட்டியல்.

டிஎல்பி (மொழிபெயர்த்த முகவரிகளைச் சிபியு நினைவில் வைக்கும் இடம்) பக்கம் ஒரு தனி அம்பு போடுங்கள். பேஜ் டேபிளில் பதிவு மாறியபின்னும் வேறு சிபியுவின் டிஎல்பியில் பழைய மொழிபெயர்ப்பு இருக்கும். 2018-இல் பாதுகாப்பு ஆய்வாளர் ஜான் ஹார்ன் கண்டுபிடித்த எம்ரீமேப் (மேப்பை இடம் மாற்றும் அழைப்பு) பிழையில், பதிவுகளை இடம் மாற்றி, பேஜ் டேபிள் லாக்கை விட்டபின்தான் டிஎல்பியைச் சுத்தம் செய்தார்கள். அந்த நடுநேரத்தில் எஃப்ட்ரங்கேட் (கோப்பைச் சுருக்கும் அழைப்பு) வந்து பேஜை விடுவித்தால், விடுவித்த பேஜைப் பழைய மொழிபெயர்ப்பு வழியாக இன்னும் தொடலாம். கேசானுக்கு இது தெரியாது, தொடுவது யூசர் ப்ரோகிராம் அல்லவா.

6. இடைவெளியை அகலமாக்குங்கள்

பட்டியலில் உள்ள ஒவ்வொரு அம்பின் நடுவிலும், லாக்கை விட்ட பிறகு, ஒரு தாமதத்தைச் செருகுங்கள். தூங்க அனுமதி உள்ள இடத்தில் எம்ஸ்லீப், இல்லாத இடத்தில் எம்டிலே. சில மில்லி நொடி போதும். ஸ்பின்லாக்குக்குள் எம்ஸ்லீப் வைத்தால் அதுவே புதிய பிழையாகி, நீங்கள் தேடும் பிழை அதில் மறைந்துபோகும்.

தாமதம் எல்லோருக்கும் விழ வேண்டாம். ‘கரண்ட்’ ப்ராசஸின் பெயரைப் பார்த்து, நம் டெஸ்ட் ப்ரோகிராமாக இருந்தால் மட்டும் நிற்கச் செய்யுங்கள். இல்லையென்றால் பூட் ஆகவே அரை மணி நேரம் பிடிக்கும்.

ஒரு நேரத்தில் ஒரே இடத்தில் மட்டும் செருகுங்கள். மூன்று இடத்தில் சேர்த்துச் செருகினால் ஒன்றின் விளைவை மற்றொன்று அழித்துவிடும். தாமதம் வைத்தபின் 100-க்கு 10 என்றிருந்தது 100-க்கு 95 ஆனால் இடைவெளியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். எண் அசையாவிட்டால் அந்த அம்பை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பத்து மடங்கு குறைந்தாலும் குறித்துவையுங்கள்: மோத வேண்டிய இருவரையும் நீங்கள் எதிர்த் திசையில் தள்ளியிருக்கிறீர்கள், மறுபக்கத்தில் தாமதம் வைத்தால் கூடும்.

7. நடந்த வரிசையைப் பதிவு செய்யுங்கள்

பிரிண்ட்கே போடாதீர்கள். அது மெதுவானது, கன்சோலுக்காகக் காத்திருக்க வைக்கும், த்ரெட்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிறுத்திவிடும். பிரிண்ட்கே சேர்த்ததும் பிழை மறைந்தது என்று சொல்லாத புதியவரை நான் பார்த்ததில்லை. ட்ரேஸ்_பிரிண்ட்கே ஒவ்வொரு சிபியுவுக்கும் தனித்தனியான பஃபரில் எழுதும், செலவு மிகக் குறைவு.

இந்தப் பஃபரை நடத்தும் எஃப்ட்ரேஸின் கடிகாரம் இயல்பாக ‘லோக்கல்’. வேகமானது, ஆனால் சிபியுக்களுக்கு இடையே நேரம் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ரேஸில் அந்தக் கொஞ்சம்தான் எல்லாமே. யார் முந்தினார்கள் என்று தெரிய, ட்ரேஸ்_க்ளாக்கை ‘கவுண்டர்’ என்று மாற்றுங்கள். அது நேரத்தைத் தராது, எல்லா சிபியுவுக்கும் பொதுவான வரிசை எண்ணைத் தரும். நமக்கு வேண்டியதும் அதுவே.

தவறு தெரிந்த இடத்தில் ‘ட்ரேசிங்_ஆஃப்’ அழையுங்கள். பஃபர் வட்டமானது, நிறுத்தாவிட்டால் பின்னால் வரும் குப்பை வேண்டிய வரிகளை அழித்துவிடும். இயந்திரம் விழுந்துவிடும் வகை என்றால் பூட் வரியில் ‘எஃப்ட்ரேஸ்_டம்ப்_ஆன்_ஊப்ஸ்’ சேர்த்தால் பஃபர் சீரியல் கன்சோலில் கொட்டப்படும்.

8. பைசெக்ட் செய்வதானால்

எந்த மாற்றம் பிழையைக் கொண்டுவந்தது என்று கிட் பைசெக்டில் (கமிட்களைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடுவது) தேடலாம். ஒரு கெர்னல் வெளியீட்டில் பத்தாயிரத்துக்கும் மேல் கமிட் இருக்கும், ஏறக்குறைய 14 படிகள். ஆனால் ரேஸில் ‘நல்லது’ என்ற தீர்ப்பு ஆபத்தானது. பத்தில் ஒரு ஓட்டத்தில் விழும் பிழை உள்ளே இருந்தாலும், 10 முறை ஓட்டி ஒருமுறைகூட விழாமல் போக 35 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 44 முறை ஓட்டினால் அது 1 சதவீதத்துக்குக் கீழே போகும். ஒரே ஒரு படியில் தப்பாக ‘நல்லது’ என்று சொல்லிவிட்டால் மிச்சம் எல்லாமே வேறு திசையில் போகும். ஆறாம் படியின் தாமதப் பேட்சை ஒவ்வொரு படியிலும் சேர்த்துக் கட்டினால் ஓட்டங்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம்.

9. திருத்தம்

லாக்கைப் பெரிதாக்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ரீட் லாக்கை ரைட் லாக்காக மாற்றினால் பிழை நிற்கும், நூறு த்ரெட் ஓடும் சர்வரும் அதோடு சேர்ந்து நிற்கும். இடைவெளியை மூடுவதற்கு முன், பயன்படுத்தும் நொடியில் மறுபடி சரிபார்க்க முடியுமா என்று பாருங்கள். மெமரி பகுதி முழுக்க இந்த முறைதான்: ஃபால்ட் கையாளும் கோட் லாக் இல்லாமல் பிடிஇயை (பேஜ் டேபிளின் கடைசி நிலைப் பதிவை) படித்து, பேஜைத் தயார் செய்து, பேஜ் டேபிள் லாக்கை எடுத்தபின் ‘பிடிஇ_சேம்’ என்று ஒப்பிடும். மாறியிருந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பும்.

டர்ட்டி கவ்வின் திருத்தமும் அப்படித்தான். எழுதும் கொடியை நீக்குவதை நிறுத்தி, ஃபால்_கவ் என்று தனிக் கொடி வைத்தார்கள். பேஜை எடுக்கும் நொடியில், அந்தக் கொடி இருந்து, பதிவும் டர்ட்டியாக (எழுதப்பட்டதாகக் குறிக்கப்பட்டு) இருந்தால் மட்டுமே அனுமதி. ஆ நகலை எறிந்திருந்தால் டர்ட்டி குறி இருக்காது, மறுபடி முழு ஃபால்ட். ஹ்யூஜ் பேஜுக்கு எழுதிய இணைத் திருத்தத்தில் பிஎம்டிக்கு (ஹ்யூஜ் பேஜைக் குறிக்கும் மேல்நிலைப் பதிவுக்கு) டர்ட்டி குறி நகலெடுக்காமலே வர முடியும் என்பது விடுபட்டதால் 2017-இல் ஹ்யூஜ் டர்ட்டி கவ் என்ற இன்னொரு பிழை வந்தது. பிடிஇ அளவில் திருத்தினால் பிஎம்டி அளவையும் தனியாக உட்கார்ந்து யோசியுங்கள், நகலெடுத்து ஒட்டாதீர்கள்.

ஒப்பிடுவது மட்டும் எப்போதும் போதாது. ஜீராம் போன்ற வேகமான ஸ்வாப்பில் ஸ்வாப் கேஷைத் தவிர்த்துப் பேஜைக் கொண்டுவரும் பாதையில் 2024-இல் சரிசெய்த பிழை இதைக் காட்டும். இரண்டு த்ரெட் ஒரே ஸ்வாப் பதிவைப் படிக்கின்றன. இரண்டாமவர் முந்திக்கொண்டு பேஜை மேப் செய்து, பதிவை விடுவித்து, பேஜில் புதிதாக எழுதுகிறார். அந்தப் பேஜ் மறுபடி ஸ்வாப்புக்குப் போகும்போது அதே பதிவு எண்ணே கிடைக்கிறது. முதலாமவர் இப்போது ஒப்பிடுகிறார்: பிடிஇ அப்படியே இருக்கிறது! தன்னிடம் உள்ள பழைய பேஜை மேப் செய்கிறார், புதிதாக எழுதியது போய்விடுகிறது. போய்விட்டுத் திரும்பி வரக்கூடிய மதிப்பை ஒப்பிட்டு நம்பக் கூடாது. அங்கே திருத்தம், வேலை முடியும்வரை அந்த ஸ்வாப் பதிவைப் பிடித்துவைத்துக்கொள்வது.

10. சரிபார்த்து அனுப்புவது

தாமதப் பேட்சை எடுக்காமல், அதன் மேல் திருத்தத்தைப் போட்டு ஓட்டுங்கள். 100-க்கு 95 என்றிருந்தது 0 ஆக வேண்டும். 3 ஆகக் குறைந்தால் இன்னொரு இடைவெளி இருக்கிறது, ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள். அப்புறம் தாமதத்தை எடுத்துவிட்டு, மூன்று பில்டிலும் ஓர் இரவு. முடிந்தால் ஒரு ஆர்ம்64 இயந்திரத்திலும் ஓட்டுங்கள். எக்ஸ்86 மெமரி வரிசையை அதிகம் மாற்றாது, ஆர்ம் தாராளமாக மாற்றும். விட்டுப்போன பேரியர் (மெமரி வரிசையைக் காக்கும் கட்டளை) அங்கேதான் வெளியே வரும்.

கமிட் செய்தியில் இரண்டு சிபியுவின் வரிகளை இரண்டு பத்தியாக, மேலிருந்து கீழே நேர வரிசையில் எழுதுங்கள். படிப்பவர் ஒப்புக்கொள்வது அந்தப் படத்தைப் பார்த்துத்தான். கூடவே, பிழையை மீண்டும் வரவழைக்கும் முறை, முன்பின் எண்கள், பிழையைக் கொண்டுவந்த கமிட்டைச் சொல்லும் ‘ஃபிக்ஸஸ்’ வரி. ஏன் இந்தச் சரிபார்ப்பு இங்கே வேண்டும் என்பதை கோடிலேயே கமெண்டாகவும் வையுங்கள். டர்ட்டி கவ்வின் அடியில் இருந்த ரேஸுக்குத் திருத்தம் 2005-இலேயே லினஸ் டோர்வால்ட்ஸ் கையால் ஒருமுறை உள்ளே போயிருந்தது. எஸ்390 கட்டமைப்பில் சிக்கல் வந்ததால் அதைத் திரும்ப எடுத்தார்கள், இடைவெளி மறுபடி திறந்துகொண்டது.

ஸ்டேபிள் கெர்னல்களுக்கும் போக வேண்டிய திருத்தம் என்றால் ஒவ்வொன்றிலும் அதே தாமதத்தைப் போட்டு அதே ஓட்டங்களை ஓட்டுங்கள். 6.1-இல் தனி விஎம்ஏ லாக் கிடையாது. அதற்கும் பழைய கெர்னல்களில் பல ஃபங்ஷன்கள் ஃபோலியோவுக்கு மாறாமல் பேஜிலேயே இருக்கும். பேட்ச் பிசிறில்லாமல் பொருந்தினாலும், ஐந்தாம் படியில் போட்ட அம்புகளை அந்த சோர்ஸ் கோடில் ஒருமுறை புதிதாகப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.